திரும்பி நின்று சொன்ன வசனம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில், முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, டிரைவர் தவசி சொன்னது. பாதிக் கதை கொண்டை ஊசி வளைவுகளில் போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் அவர் பேச்சை நிறுத்தி ஆரன் அடிப்பார். வளைவு முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்காமல் வேறு எங்கேயோ தொடங்குவார்.

"எந்தங்கச்சி ஒரு டிவி நடிகரப் பாக்கப் போச்சு சாரே" என்று ஆரம்பித்தது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் அப்போது போடியில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அடுத்தவர் எழுதியதை அடுக்குவேன், வீட்டுக்கு வந்து நானும் எழுதுவேன். அன்றைக்கு வீடு திரும்பியதும் இப்படித் தொடங்கினேன்:

"போடிநாயக்கனூரில் ஒரு பெண் தொலைக்காட்சி நடிகர் ஒருவர்மீது காதல் கொண்டாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவருக்கோ—"

அடுத்த வாரம் இதைத் தவசியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஜீப்பை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். என்ஜினையும் அணைத்தார்.

"காதலுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"இல்லையா?"

"எந்தங்கச்சிக்குக் காது கேக்காது. அத எழுதியிருக்கீகளா?"

எழுதவில்லை. அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஏதோ ஒரு வளைவில் ஆரன் சத்தத்தில் போயிருக்க வேண்டும்.

"அத விட்டுட்டு என்ன கத சாரே" என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டியை எடுத்தார்.

ஆகவே மேலே உள்ள தொடக்கத்தை நீங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் எவ்வளவு அவசரக்காரன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

2

பொன்னுமணிக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் கண்ணைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்தபோது அம்மா எதிரே உட்கார்ந்து வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. அம்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று பொன்னுமணி சிரித்தாளாம்.

பேச்சு போகவில்லை. ஒன்பது வயது வரைக்கும் காதால் கேட்ட பேச்சு அவள் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்டால் தெருமுனையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அடுத்தவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தானாகவே பழகினாள்.

(இது லேசான காரியம் இல்லை. கண்ணாடி முன் நின்று 'மாமா' என்றும் 'பாப்பா' என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை முன்னேபின்னே உள்ள சொற்களை வைத்துத்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும்.)

ஊர் என்ன செய்தது என்றால், அவளுக்காகப் பேச்சைச் சுருக்கிக்கொண்டது. "வா." "போ." "சாப்ட்டியா?" "நாளைக்கு." இருபத்துநாலு வருஷமாக அவளிடம் பேசியவர்கள் எல்லாரும் தந்தி அடிப்பதுபோலத்தான் பேசினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

முனியசாமியின் ஏலக்காய்க் கடையில் அவளுக்குக் காய் பொறுக்கும் வேலை. இருபது பெண்கள் இரண்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, பச்சைக்காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிப்பார்கள். கை வேலை பார்க்கும், வாய் ஊர்க்கதை பேசும். ஆனால் எல்லாத் தலையும் குனிந்திருக்கும். குனிந்த தலையின் உதட்டைப் பொன்னுமணி எப்படிப் பார்ப்பது? திடீரென்று எல்லார் தோளும் குலுங்கும். ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். பக்கத்தில் இருக்கும் அய்யம்மாளின் முழங்கையைத் தொட்டு "என்ன?" என்பாள்.

"ஒண்ணுமில்ல" என்பாள் அய்யம்மாள்.

உதட்டில் பார்த்தவுடன் பொன்னுமணி தப்பில்லாமல் கண்டுகொள்கிற சொல் அதுதான்.

3

கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்த பிறகு போடியில் மாடிக்கு மாடி ஆண்டெனா முளைத்தது. முனியசாமி வீட்டிலும் ஒரு பெட்டி வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கடைப் பெண்கள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம் என்று அவர் மனைவி அனுமதித்திருந்தாள். பொன்னுமணியும் போனாள். போகாவிட்டால் தனியாக வீட்டுக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதின்மூன்று வாரம் என்று தொடங்கி, சனங்களுக்குப் பிடித்துப்போனதால் நீண்டுகொண்டே போன தொடர் அது. கணவனை இழந்து திரும்பிவந்த தங்கை, அவளை வைத்துக் காப்பாற்றும் அண்ணன். அண்ணனாக வந்தவர் ஆதிகேசவன். அறுபதை நெருங்கியவர். முப்பது வருஷம் சபா மேடைகளில் நாடகம் போட்டவர். கடைசி வரிசைக்காரனுக்கும் எழுத்து எழுத்தாகப் போய்ச் சேர வேண்டும் என்று வாயை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உருட்டிப் பேசுவார். பத்திரிகைகளில் இதைக் கேலி செய்து எழுதினார்கள். டிவிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு மைதானத்துக்குப் பேசுகிறார் என்று ஒருவர் எழுதியதை நானே படித்திருக்கிறேன்.

முதல் செவ்வாய்க்கிழமை அவர் வாயைத் திறந்தார். "சுபத்ரா, இந்த வீட்டுக் கதவு உனக்கு என்றைக்கும் சாத்தப்படாது, தெரிந்துகொள்" என்றார்.

பொன்னுமணிக்கு அது முழுசாகப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாளாம். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். பிறகு அந்த அரைமணி நேரமும் அவர் பேசப்பேச அவள் உதடும் கூடவே அசைந்தது. நீளமான வாக்கியங்கள். 'ஆனாலும்', 'ஒருவேளை', 'எனக்கென்னவோ' என்றெல்லாம் நடுவில் வரும் வாக்கியங்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவளிடம் யாரும் 'ஒருவேளை' என்று சொன்னதில்லை.

[இந்த இடத்தில் 'அவள் கண்களில் நீர் பெருகியது' என்று எழுதி அடித்திருக்கிறேன். பின்னால் பொன்னுமணியையே கேட்டபோது, "இல்ல, எனக்குப் பசிச்சுச்சு" என்றாள்.]

அதிலிருந்து ஆறுநாள் காத்திருந்து ஏழாம்நாள் வாழ்ந்தாள் என்று எழுதலாம். கொஞ்சம் மிகை. ஆனால் புதன்கிழமை காலையில், கதையில் யாருக்காவது சந்தேகம் என்றால் பொன்னுமணியைக் கேட்கலாம் என்ற நிலை வந்தது.

4

அந்த ஆவணி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

நாடகத்தில் அண்ணன் சன்னல் ஓரம் போய் நின்றார். முதுகைக் காட்டி நின்றார். தோள் ஏறி இறங்கியது, அதனால் பேசுகிறார் என்று தெரிந்தது. தங்கையின் முகத்தைக் காட்டினார்கள். அவள் அழுதாள். பிறகு மெல்ல, அழுகையோடேயே, சிரித்தாள். மறுபடி அவர் முதுகு. அதோடு அந்த வாரம் முடிந்தது.

பொன்னுமணி தன் அண்ணன் பெண்டாட்டி சோலையம்மாளின் கையைப் பிடித்து, "மதினி, என்ன சொன்னாரு?" என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணுமில்ல. சும்மா ஆறுதல்."

வீட்டுக்குப் போகும் வழியில் மறுபடி கேட்டாள். சோலையம்மாள் நின்று யோசித்து, "தங்கச்சி பேருக்கு வீட்ட எழுதுறேன்னாரு" என்றாள். மறுநாள் அய்யம்மாளைக் கேட்டால், "இல்லல்ல, ரெண்டாங் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்னாரு" என்றாள். முனியசாமி மனைவிக்கு எதுவும் ஞாபகம் இல்லை. காது உள்ள முப்பது பேர் கேட்ட வசனம், ஒரு ராத்திரியில் காணாமல் போயிருந்தது.

அழுதுகொண்டிருந்தவள் எதனால் சிரித்தாள்? பொன்னுமணிக்கு அதுதான் வேண்டியிருந்தது. காய் பொறுக்கும்போது, தண்ணீர் எடுக்கும்போது, படுக்கும்போது எல்லாம் அந்த முதுகு கண்முன் வந்து நின்றது. ஐந்து மாசம்.

தை மாசம், தவசியின் ஜீப்பை டிவிக்காரர்கள் வாடகைக்குப் பேசினார்கள். குரங்கணியில் ஒருநாள் சூட்டிங்கு. ஆதிகேசவன் வருகிறார்.

5

"நானும் வர்றேன்" என்றாள் பொன்னுமணி.

தவசி முடியாது என்று கையை ஆட்டினார். ஏன் என்று என்னிடம் பிறகு சொன்னார்: "அது வாயத் தொறந்தா ஆளுக சிரிப்பாங்க சாரே. இங்கன நம்ம ஆளுக சிரிச்சா நான் சண்டைக்குப் போவேன். மெட்ராசுக்காரங்க சிரிச்சா என்ன செய்ய?"

விடிகாலை அவர் வண்டியை எடுக்க வந்தபோது அவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை. தலையில் பூ. மடியில் சின்னக் காகிதப் பொட்டலம், அதில் அவளே பொறுக்கிய நல்ல பச்சைக்காய். சோலையம்மாள் வாசலில் நின்று, "கூட்டிட்டுப் போங்க, அஞ்சு மாசமா அது தூங்கல" என்றாளாம்.*

(* தவசி இதை மறுக்கிறார். சோலையம்மாள் அப்போது அடுப்படியில் இருந்தாள் என்கிறார். பொன்னுமணி பின்சீட்டில் இருந்து அந்த உதட்டைப் பார்த்திருக்கிறாள். நான் அவள் பக்கம்.)

குரங்கணியில் ஆற்றோரம், இலவ மரங்களுக்கு நடுவே கேமராவை நிறுத்தியிருந்தார்கள். மேலே மலையில் பாதியை மஞ்சுப் பனி மூடியிருந்தது. பொன்னுமணி ஒரு பாறை ஓரமாக நின்று தேடினாள். குடைக்குக் கீழே, கழுத்தில் பவுடர் தெரிய, சட்டைக்குள் துண்டு செருகிக்கொண்டு ஒரு குள்ளமான மனிதர் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் பார்த்ததைவிட வயசாகியிருந்தது. அவர்தான்.

கேமரா முன் போய் நின்று அவர் பேசினார்.

பொன்னுமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

உதடு அசைந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. இன்னும் இரண்டு எட்டு முன்னால் போய்ப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மற்ற எல்லா மனிதர்களையும்போல, வாயைத் திறக்காமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் புரிந்ததெல்லாம் தன் கற்பனையோ என்று அவளுக்குப் பயம் வந்தது. காது போன மாதிரி கண்ணும் போகப்போகிறதோ என்றும் நினைத்தாளாம்.

நடந்தது வேறு. புது டைரக்டர் ஒருவர் வந்திருந்தார், இளைஞர். "சார், இது மேடை இல்ல. வாயச் சின்னதா வச்சுக்குங்க. வீட்ல பேசுற மாதிரி பேசுங்க" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். வாயைச் சுருக்கினால் ஆதிகேசவனுக்கு வசனம் மறந்தது. வசனத்தை நினைத்தால் வாய் பெரிதானது. கண்ணாடி போட்ட உதவியாளர் ஒருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, அதே மூன்று வரியைத் திரும்பத்திரும்பக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். பதினோரு தடவை எடுத்தார்கள். சரியாக வரவில்லை. சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

6

சந்திப்புக் காட்சியை நான் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நடிகர் கர்வக்காரர். ஒன்றில் அவர் குடித்திருக்கிறார். இன்னொன்றில்— வேண்டாம். அவை எல்லாம் ரசிகரும் நடிகரும் சந்திக்கிற எந்தக் கதையிலும் வரக்கூடியவை. நடந்ததையே சொல்கிறேன்.

ஆதிகேசவன் இலவ மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலியில் எலுமிச்சை சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தவசி தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அய்யா, எந்தங்கச்சி. ஒங்க நாடகத்த ஒரு வாரம் விடாது. காது கேக்காது."

ஆதிகேசவன் கை கூப்பினார். ஏலக்காய்ப் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். தவசியைப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க" என்றார். எல்லாரும் செய்வதுதான். அவளைப் பற்றி அவளுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது.

பொன்னுமணி கேட்டாள். அவள் குரல் ஆற்றைத் தாண்டிப் போனது.

"அன்னிக்கு சன்னலப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு தங்கச்சிகிட்ட என்ன சொன்னீக?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் திரும்பினார்கள். தவசி தலையைக் குனிந்துகொண்டார். ஆதிகேசவன் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்க. டிவியில பேசுற மாதிரி."

சிரிப்பு எழுந்தது. காலையிலிருந்து டைரக்டர் எதைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ அதையே ஒருத்தி வந்து கேட்கிறாள். ஆதிகேசவன் மட்டும் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

"ஏம்மா?" என்று வாயைத் திறந்து கேட்டார்.

"நீங்க ஒருத்தருதான் எங்கிட்ட முழுசாப் பேசுறது" என்றாள். "மத்தவுக வா போன்னுதான் சொல்லுவாக. அதான் ஒங்களப் பாக்க வந்தேன்."

அவர் பொட்டலத்தை மூடிவைத்தார். எழுந்து போய் ஆற்றில் கையும் வாயும் கழுவினார். வந்து நாற்காலியை வெளிச்சம் பார்த்துத் திருப்பிப் போட்டு, எதிரே இருந்த கல்லைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். எல்லாரும் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பேசத் தொடங்கினார். சத்தம் இல்லாமல்.

"மனுசன் வாய் அசையுது, சத்தத்தக் காணோம்" என்றார் தவசி. "எனக்குத்தான் காது அடச்சுப்போச்சோன்னு விரல விட்டு ஆட்டிப் பாத்தேன்."

மேடையில் பேசுவதுபோலவே, எழுத்து எழுத்தாக, குரலை மட்டும் எடுத்துவிட்டுப் பேசினார். பொன்னுமணி ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு பகுதியை மட்டும் எனக்குச் சொன்னாள்:

"அன்றைக்கு எனக்கு வசனம் மனசில் நிற்கவில்லை அம்மா. சன்னல் கம்பியில் காகிதத்தை ஒட்டிவைத்தார்கள். அதைப் பார்த்து வாசிப்பதற்காகத்தான் திரும்பி நின்றேன். என்ன வாசித்தேன் என்று அன்று ராத்திரியே மறந்துவிட்டது. அன்றைக்கு மட்டும்தான் அப்படி என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இப்போது தினமும் மறக்கிறது. பஸ் நம்பர் மறக்கிறது. பேத்தியின் பெயர் மறக்கிறது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை."

ஐந்து மாசமாகத் தேடிவந்த வசனம் அவரிடமும் இல்லை. அதற்குப் பதிலாக அவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார்.

பொன்னுமணியும் பதில் சொன்னாள். தன் குரல் ஊருக்கே கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் வாயை மட்டும் அசைத்தாள். அப்படி இரண்டு பேரும் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள்? எழுதுகிறவன் என்ற முறையில் நச்சரித்துக் கேட்டேன். "அது அவரு எங்கிட்டச் சொன்னது" என்றாள். அவ்வளவுதான். இந்த இடத்தில் நானே ஒரு பக்கம் இட்டுக்கட்டி எழுதி வைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

7

இனி வருவது கதைக்கு அளவுக்குமேல் பொருந்துகிறது. அதனாலேயே முதலில் நம்பாமல் விட்டுவிட்டேன். தவசி, குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்யாத குறையாக, "எங்கண்ணால பாத்தேன் சாரே" என்றார். சேர்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சு கீழே இறங்கத் தொடங்கியது. வெளிச்சம் போவதற்குள் ஆதிகேசவனின் முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்துவிட வேண்டும். தங்கையாக நடிக்கும் நடிகையின் காட்சி முன்பே முடிந்திருந்தது. அட்டை கடித்த காலைப் பிடித்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில், அவர் பார்த்துப் பேச யாராவது நிற்க வேண்டும்.

"இந்தம்மா நிக்கட்டும்" என்றார் ஆதிகேசவன்.

டைரக்டருக்கு வாதாட நேரம் இல்லை. பொன்னுமணியை கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

ஆதிகேசவன் அவளைப் பார்த்தார். "போகிறேன் என்று சொன்ன பிறகு நான் தடுக்க மாட்டேன்" என்றார். வாய் சின்னதாகத்தான் இருந்தது.

அத்தோடு நின்றார். அடுத்த வரி வரவில்லை. கண்கள் அலைந்தன. வீட்டில் இன்னும் சொல்லாத அந்த விஷயம், இருபது பேர் முன்னால் வெளியே தெரிந்துவிடப் போகிறது.

காலையில் உதவியாளர் கத்திச் சொல்லிக்கொடுத்ததைப் பொன்னுமணி பதினோரு தடவையும் பார்த்திருந்தாள். கத்துகிறவர்களின் உதடு அவளுக்கு நன்றாகப் புரியும். அவள் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்திப் பத்து விரலையும் விரித்தாள். காய் பொறுக்கிப் பொறுக்கி நுனி கறுத்த விரல்கள். உதட்டால், சத்தமில்லாமல், "பத்து வருசம்" என்றாள்.

அவர் கண் அவள்மேல் வந்து நின்றது.

"பத்து வருஷம் கழித்து வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு ஒரு தட்டு இருக்கும். எதையும் மனசில் சுமந்துகொண்டு போகாதே. கையை வீசிக்கொண்டு போ."

முழு வாயையும் திறந்து சொன்னார். மைதானத்தின் கடைசி வரிசைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "வாய் பெருசாத்தான் இருந்துச்சு" என்றார். மஞ்சு கேமரா வரைக்கும் வந்துவிட்டது. "சரி, போகட்டும். ஓகே."

கிளம்பும்போது ஆதிகேசவன் தவசியிடம் வரவில்லை. நேராக அவளிடம் வந்து, முகத்துக்கு நேரே நின்று, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 'போறேன்' என்று சொல்லவில்லை. 'வருகிறேன்' என்றார். இதைச் சொல்லும்போது பொன்னுமணி அந்தச் சொல்லை இரண்டு தடவை சொன்னாள்.

8

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி வந்தது. முனியசாமி வீட்டுக் கூடத்தில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். "நேருக்கு நேரா நம்மகிட்டச் சொல்ற மாதிரி இருக்குடி" என்று அய்யம்மாள் சொன்னாள், அதுவும் பொன்னுமணியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பொன்னுமணி பெட்டிப் பக்கம் திரும்பினாள். பெட்டிக்குள் இருந்தவரின் பார்வை சற்று ஓரமாகப் போய், அவள் நின்றிருந்த இடத்தில் நின்றது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, நாடகத்தில் யாரோ ஒருவர், "அண்ணன் வடக்கே போயிருக்கார்" என்று சொன்னார். சோலையம்மாள்தான் இதை எழுதிக்காட்டினாள். பிறகு அவர் வரவே இல்லை. தொடர் முடிந்து வேறு தொடர் வந்தது. அதில் தாடிக்காரர் ஒருவர் கதாநாயகன். தாடிக்குள் உதடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்படியும் பொன்னுமணி செவ்வாய்தோறும் போய் உட்கார்ந்தாள். பேர் போடும்போது, அவர் பேர் வருகிறதா என்று எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நாலாம் வகுப்புப் படிப்பு. அவள் படிப்பதற்குள் பேர் போய்விடும்.

வீட்டில் சின்ன மாற்றம் வந்தது. சோலையம்மாள் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் பொன்னுமணி நகர மாட்டேன் என்று நிற்கத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் சோலையம்மாள் புதன்கிழமைகளில் அடுப்பு முன் உட்கார்ந்து, புது நாடகத்தின் கதையை வாயைத் திறந்து சொல்கிறாள். பத்து நிமிஷத்தில் வாய் வலிக்கிறது என்பாள். கதையும் பாதியில் குழம்பிவிடும். பொன்னுமணி மதினியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நன்றிதான். ஆனால் அது அவர் இல்லை.

9

இங்கே முடித்திருக்கலாம். எட்டாம் எண்ணோடு நிறுத்தி எழுத்தைப் பிரதி எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகு ஒரு தப்புச் செய்தேன். மெட்ராசில் இருக்கும் நண்பருக்கு, ஆதிகேசவன் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக் கடிதம் போட்டேன்.

பதில் வந்தது. மகள் வீட்டுக்கு நாக்பூருக்குப் போய்விட்டார். தன் பழைய போட்டோவைக் காட்டினால் யார் இந்த ஆள் என்று கேட்கிறாராம்.

பொன்னுமணியை நூலகத்துக்கு வரச்சொல்லி, சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, இதை முழுசாகச் சொன்னேன். என் வாயும் சின்ன வாய். "தொறந்து சொல்லுங்க" என்று இரண்டு தடவை அதட்டினாள். சொல்லி முடித்ததும் கொஞ்சநேரம் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதாவது வருமோ என்று.

"மறந்தா என்ன" என்றாள். வாசகசாலையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "நான் எடுத்துக் குடுப்பேன்ல."

நாக்பூருக்குப் போகலாமா என்று கேட்டேன். இந்த முடிவை நான் உண்மையிலேயே எழுதத் தொடங்கியிருந்தேன். போடியிலிருந்து மதுரைக்கு ரயில், தவசி துணை, வழியெல்லாம் சன்னல் ஓரம். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் போயி நின்னா நல்லாருக்காது. வர்றேன்னுதான சொல்லிட்டுப் போனாரு. அவருதான் வரணும்."

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, போகிறவள் திரும்பி நின்று கேட்டாள்.

"நீங்க எழுதுறவருதான சாரே. ஒரு தடவ வர வச்சிருங்க."

10

எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதுரை பஸ்ஸிலிருந்து ஆதிகேசவன் போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். சட்டைப்பையில் ஒரு காகிதத் துண்டு. அதில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. எதற்காக வந்தோம் என்று அவருக்கு—

இதற்குமேல் என்னால் முடியவில்லை. அவரை இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டேன். அவள் எதிரே போய் நின்றதும் அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நான் பொய்யாக ஒரு வரி எழுதினால், அவர் வாயில் அது வராது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். அந்த வாயை அவளைவிட நன்றாகப் படித்தவர்கள் யாரும் இல்லை.

ஆகவே அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மெட்டு ஜீப்புகள் நிற்கும் இடத்தைத் தாண்டி, இடது கைப்பக்கம் இரண்டாவது தெரு. ஏலக்காய் வாசனையைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று சொல்ல முடியாது. இங்கே எல்லாத் தெருவுக்கும் அதே வாசனைதான். காய் பொறுக்கும் பொன்னுமணி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். மெல்ல நடக்கட்டும், அவசரம் இல்லை. கதவு திறந்துதான் இருக்கும். தட்ட வேண்டாம், கூப்பிட வேண்டாம். அவரை முன்னால் விட்டுவிட்டு நீங்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் நிழல் அவர் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.